டாக்டர் படிப்புக்கு முன் பத்து நாள்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த கையோடு நம் வீடுகளில் ஒரு பேச்சு தொடங்கிவிடும். பயாலஜி எடுப்பதா, கம்ப்யூட்டர் எடுப்பதா? அப்பா ஒரு கட்சி, அம்மா ஒரு கட்சி, ஊரிலிருந்து போனில் பேசும் பெரியப்பா மூன்றாவது கட்சி. கடைசியில் 'நல்ல மார்க் வாங்கியிருக்கு, டாக்டருக்கே படிக்கட்டும்' என்று தீர்ப்பாகும். அடுத்த வாரமே கோச்சிங் சென்டரில் முன்பணம் கட்டி ரசீது வாங்கிவிடுவோம். இத்தனைக்கும் அந்தப் பிள்ளை ஆஸ்பத்திரியை உள்ளே போய்ப் பார்த்தது எப்போது என்று கேட்டால், தனக்கு டெங்கு வந்து படுத்திருந்தபோது என்றுதான் பதில் வரும்.

தில்லியில் ஒரு ஃபிரிட்ஜ் வாங்க வேண்டுமென்றால் நாம் லாஜ்பத் நகரிலும் கரோல் பாகிலும் நாலு கடை ஏறி இறங்குகிறோம். கதவைத் திறந்து பார்க்கிறோம், மூடிப் பார்க்கிறோம், பக்கத்து வீட்டில் அதே மாடல் எப்படி ஓடுகிறது என்று விசாரிக்கிறோம். பிள்ளையின் நாற்பது வருஷ வாழ்க்கையை மட்டும் மார்க் ஷீட்டைப் பார்த்தே முடிவு செய்துவிடுகிறோம்.

என் கட்சி இதுதான். டாக்டருக்குப் படிக்க ஆசைப்படும் பிள்ளை, அல்லது ஆசைப்படுவதாக நாம் நினைத்துக்கொண்டிருக்கும் பிள்ளை, கோச்சிங்கில் சேரும் முன் ஒரு டாக்டரின் அறையில் பத்து நாள் ஒரு மூலையில் நின்று பார்க்க வேண்டும். எதையும் தொடக் கூடாது, எதுவும் செய்யக் கூடாது. பார்த்தால் போதும். அந்த ஏற்பாட்டைப் பிள்ளையே கேட்டுப் பெற வேண்டும். அந்தப் பத்து நாளுக்குப் பிறகு பிள்ளை சொல்வதைப் பெற்றோர் கேட்டுக்கொள்ள வேண்டும். முதல் இரண்டும் சுலபம். மூன்றாவதில்தான் நம்மவர்கள் தடுமாறுகிறோம்.

கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். 2025-ல் நீட் தேர்வு எழுதியவர்கள் 22 லட்சம் பேருக்கு மேல். நாடு முழுதும் உள்ள எம்.பி.பி.எஸ். இடங்கள் 1 லட்சத்துக்குச் சற்று அதிகம். பதினெட்டு, இருபது பேருக்கு ஓர் இடம் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த ஆண்டு கேள்விகள் 180: பௌதிகம் 45, ரசாயனம் 45, உயிரியல் 90. நேரம் மூன்று மணி. இந்த 180 கேள்விகளில் ஒன்றுகூட, 'வலியில் கத்துகிற கிழவரை உன்னால் பொறுமையாகப் பார்த்துக்கொள்ள முடியுமா?' என்று கேட்காது. ஓ.எம்.ஆர். தாளில் கேட்கவும் முடியாது. அது தேர்வின் குற்றமல்ல. வேலூர் சி.எம்.சி.யில் முன்பெல்லாம் எழுத்துத் தேர்வில் தேறியவர்களை வரவழைத்து, சில நாள் வைத்திருந்து, நேரில் பேசிப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். நீட் எல்லோருக்கும் பொது என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு அந்த வழியும் இல்லை. ஆகவே பிள்ளைக்கு இந்த வேலை ஒத்துவருமா என்று பார்க்க வேண்டிய பொறுப்பு கல்லூரியிடம் இல்லை. அது வீட்டுக்கு வந்துவிட்டது.

சேர்ந்துவிட்டால் நாலரை வருஷம் படிப்பு, ஒரு வருஷம் ஹவுஸ் சர்ஜன். மேல்படிப்புக்கு மறுபடி ஒரு நுழைவுத் தேர்வு, மூன்று வருஷம். பதினேழு வயதில் உள்ளே போகிற பிள்ளை நிமிர்ந்து பார்க்கும்போது இருபத்தாறு ஆகியிருக்கும். இங்கே இடம் கிடைக்காமல் வெளிநாட்டுக்குப் போனவர்கள் கதையும் நமக்குத் தெரியும். 2022 பிப்ரவரியில் உக்ரைனில் போர் மூண்டபோது, அங்கே மருத்துவம் படித்துக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கான நம் நாட்டுப் பிள்ளைகள் பாதிப் படிப்போடு திரும்பி வந்தார்கள். அவ்வளவு தூரம் அனுப்பத் துணிகிறவர்கள், முதலில் தெருமுனை கிளினிக் வரை ஒரு நடை அனுப்பிப் பார்த்தால் என்ன?

இதை ஒரு சிலர் பல காலமாகச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள், டாக்டர் வீட்டுப் பிள்ளைகள். இரவு சாப்பாட்டுக்கு நடுவே போன் வந்து அப்பா எழுந்து போவதைப் பார்க்கிறார்கள். பிறந்த நாளன்று அம்மா டியூட்டியில் இருப்பதைப் பார்க்கிறார்கள். வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ தெரிந்துதான் சொல்கிறார்கள். சித்த வைத்தியப் பரம்பரைகளில் பையன் மருந்து அரைத்துக்கொண்டே நாடி பார்ப்பதைக் கவனித்து வளர்ந்ததும் இதே வகைதான். குமாஸ்தா வீட்டுப் பிள்ளைக்கும் ஸ்டெனோ வீட்டுப் பிள்ளைக்கும் அந்த வசதி கிடையாது. ஊரில் இருந்தாலாவது தாத்தா காலத்திலிருந்து பழகிய டாக்டர் ஒருவர் இருப்பார், 'பையனைக் கொஞ்சம் கூட வைச்சுக்குங்க சார்' என்று சொல்லலாம். பிழைப்புக்கு வந்த இந்த ஊரில் நமக்கு யாரைத் தெரியும் என்று கேட்பீர்கள். யோசித்துப் பார்த்தால், நமக்கும் ஒருவரைத் தெரியும். மாதா மாதம் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் போய் நிற்கிறோமே, அவரைத் தெரியும்.

சென்ற ஆண்டு என் பேத்தி பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்தபோது இதைத்தான் சொன்னேன். என் பிள்ளைக்கு அவ்வளவு இஷ்டமில்லை. "அப்பா, அதுக்கு எதுக்கு இவ்வளவு சுத்து வழி? என் ஆபீஸ் நண்பர் ஒருத்தருக்குப் பெரிய தனியார் ஆஸ்பத்திரியில ஆள் தெரியும். ஒரு போன் போட்டா முடிஞ்சுது" என்றான். சரி, விசாரித்துப் பார் என்றேன். போன் போட்டான். அங்கே இதற்கென்றே ஒரு திட்டம் வைத்திருக்கிறார்கள். ஐந்து நாளுக்குப் பல ஆயிரம் ரூபாய் கட்டணம். வெள்ளை கோட்டு அவர்களே தருவார்கள். ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் மாட்டிப் போட்டோ எடுத்து, கடைசி நாளில் சான்றிதழும் உண்டு. நோயாளியைப் பார்க்க முடியுமா என்று கேட்டதற்கு, "ஆடிட்டோரியத்தில் வீடியோ காட்டுவோம் சார்" என்றார்களாம். கல்யாண மண்டபத்தில் இதைவிடக் குறைந்த செலவில் போட்டோ எடுப்பார்கள்.

பிறகு பேத்தியே கடிதம் எழுதினாள். ஹிந்தியும் இங்கிலீஷும் கலந்து பன்னிரண்டு வரி. தான் யார், எந்தப் பள்ளி, எதற்காகக் கேட்கிறாள், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, தினம் எவ்வளவு நேரம், அவ்வளவுதான். 'நோயாளிகள் வேண்டாம் என்றால் வெளியே போய்விடுவேன்' என்பதைக் கடைசி வரியாக எழுதியிருந்தாள். முதலில் கேட்ட ஒரு டாக்டர் தம் கிளினிக்கில் இடமில்லை என்றார். இரண்டாமவர், "என் நோயாளிகளுக்குப் பிடிக்காது அம்மா" என்றார். இரண்டும் நியாயமான பதில்கள். மூன்றாவதாக, பன்னிரண்டு வருஷமாக என் சர்க்கரையைப் பார்த்துவரும் பஞ்சாபி டாக்டரம்மாவிடம் கூட்டமில்லாத மத்தியான வேளையில் போய்க் கடிதத்தைக் கொடுத்தாள். நான் வாசலோடு நின்றுகொண்டேன். நாலு நாள் பதில் இல்லை. ஐந்தாம் நாள் கம்பவுண்டர் போன் செய்தார்: "நாளை சாயந்திரம் ஐந்து மணிக்கு வரச் சொல்கிறார். போன் கொண்டுவரக் கூடாது. மாஸ்க் போட வேண்டும். ஹெபடைடிஸ் பி, டி.டி. ஊசியெல்லாம் போட்டிருக்கிறதா என்று அட்டையை எடுத்துவரட்டும்."

இந்த ஊசி விஷயத்தை எல்லாப் பெற்றோரும் கவனிக்க வேண்டும். கிளினிக் என்றால் இருமல், சளி, சமயத்தில் காசநோய் எல்லாம் வந்து உட்காரும் இடம். அட்டவணைப்படி பதினாறு வயதில் போட வேண்டிய டெட்டனஸ்-டிப்தீரியா ஊசியை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். பிள்ளைக்கு ஜுரமோ இருமலோ இருந்தால் அன்று போகக் கூடாது. அங்கே வருகிறவர்கள் ஏற்கெனவே தளர்ந்தவர்கள்.

அந்தக் கிளினிக்கில் செய்த ஒரு ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. காத்திருக்கும் இடத்தில் ஹிந்தியில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: 'டாக்டருடன் ஒரு பள்ளி மாணவி இருக்கிறாள். வேண்டாம் என்றால் கம்பவுண்டரிடம் சொல்லவும்.' படிக்கத் தெரியாதவர்களுக்குப் பேர் எழுதும்போதே கம்பவுண்டர் வாயால் கேட்டுவிடுவார். கவனியுங்கள், கேட்டது டாக்டர் அல்ல, கேட்ட இடத்தில் மாணவியும் இல்லை. அதனால் வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் கூச்சம் இருக்காது. பத்து நாளில் சிலர் வேண்டாம் என்று சொல்லவும் செய்தார்கள். அப்போதெல்லாம் இவள் வெளியே வந்து கம்பவுண்டர் பக்கத்தில் உட்கார்ந்து, டாக்டர் கையெழுத்தைப் படிப்பது எப்படி, காலைக்கும் ராத்திரிக்கும் மாத்திரைப் பொட்டலத்தில் எப்படிக் குறி போடுவது என்று கற்றுக்கொண்டாள். டாக்டரிடம் கற்றதற்குக் குறையாமல் கம்பவுண்டரிடமும் கற்றாள் என்பது என் அபிப்பிராயம்.

நான் இதை வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. சில வருஷம் முன்பு வேறொரு டாக்டரிடம், வயதானவர்களுக்கு வருகிற மூத்திரத் தொந்தரவு ஒன்றுக்காகப் போயிருந்தேன். உள்ளே போனால் ஸ்கூல் பையன் ஒருவன் சுவரோரம் நிற்கிறான். யார் என்று கேட்டேன். "ஃப்ரெண்டோட பையன், மெடிசின் படிக்கப் போறான், நீங்க சொல்லுங்க" என்றார். என்னத்தைச் சொல்வது? சட்டையைக் கழற்றச் சொன்னால் கழற்றியிருப்பேன். அந்தப் பையன் முன்னால் ராத்திரி எத்தனை தரம் எழுந்து போகிறேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை. பாதியைச் சொல்லி, பாதிக்கு மருந்து வாங்கிக்கொண்டு வந்தேன். மீதியைச் சொல்ல இன்னொரு நாள், இன்னொரு ஃபீஸ். அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவன் கண்ணைக் கீழே போட்டுக்கொண்டு பாவமாகத்தான் நின்றான். நோயாளியின் ரகசியத்தை டாக்டர் காக்க வேண்டும் என்று 2002-ம் வருஷத்து மருத்துவக் கவுன்சில் ஒழுக்க விதிகளிலேயே இருக்கிறது. டாக்டர் அறைக்குள் வருகிறவர், தம் உடம்பைப் பற்றிப் பேசத்தான் வருகிறார். நம் பிள்ளைக்குப் பாடம் நடத்த வரவில்லை. அவர் தலையசைத்து இடம் கொடுத்தால் அது அவர் செய்யும் உபகாரம்.

ஆபரேஷன் தியேட்டர் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 'எங்க பையன் ஆபரேஷனே நேர்ல பார்த்தான்' என்று பெருமையாகச் சொல்லும் பெற்றோரைப் பார்க்கிறேன். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. மயக்க மருந்தில் கிடப்பவர் வேண்டாம் என்று சொல்ல முடியாது. பள்ளிப் பிள்ளைக்கு அங்கே வேலையும் கிடையாது. 2007-ல் திருச்சிப் பக்கம் மணப்பாறையில் ஒரு டாக்டர் தம்பதி, தங்கள் பதினைந்து வயது மகனை சிசேரியன் செய்ய வைத்து, அதை வீடியோ எடுத்து மற்ற டாக்டர்களிடமே போட்டுக் காட்டிய செய்தி நாடு முழுதும் சந்தி சிரித்தது பலருக்கு நினைவிருக்கும். பெற்ற ஆசை எங்கே போய் நிற்கும் என்பதற்கு அதைவிட உதாரணம் வேண்டியதில்லை. தியேட்டர், பிரசவ அறை, எக்ஸ்ரே அறை, கர்ப்பிணிகளின் ஸ்கேன் அறை, இங்கெல்லாம் பிள்ளை போகக் கூடாது. ஓ.பி. அறையின் மூலை ஒன்றே போதும், அதிலேயே ஒரு ஜன்மத்துக்குப் பார்க்க இருக்கிறது.

அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டால், பேத்தி பார்த்ததை என்னால் சொல்ல முடியாது. முதல் நாள் ராத்திரி சாப்பிடும்போது, "இன்னிக்கு ஒரு அம்மா வந்தாங்க தாத்தா, அவங்க..." என்று ஆரம்பித்தவள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். "சொல்லக் கூடாது. நம்ம பிளாக்லயே இருக்காங்க" என்றாள். அவள் அம்மா எவ்வளவோ கேட்டுப் பார்த்தாள். ஊஹும். பதினாறு வயசுப் பெண், ஊர் வம்பு கையில் கிடைத்தும் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பத்து நாளில் வேறு எதுவும் அவள் கற்கவில்லை என்று வைத்துக்கொண்டாலும், எனக்கு அது போதும்.

பேர் இல்லாமல், ஆள் இல்லாமல் சொன்ன சிலவற்றை மட்டும் எழுதுகிறேன். முதல் மூன்று நாள் அவளுக்குச் சலிப்பாக இருந்ததாம். வருகிறவர்களுக்கெல்லாம் ஜுரம், இருமல், வயிற்றுப்போக்கு, முட்டிவலி. சினிமாவில் வருகிற மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. நாலாம் நாளிலிருந்து அவள் வேறு விஷயங்களைப் பார்க்கத் தொடங்கியிருக்கிறாள். ஏழு நாளுக்கு எழுதிய மாத்திரையை ஜனங்கள் மூன்று நாளுக்குத்தான் வாங்குகிறார்கள். டாக்டரம்மாவுக்கு அது தெரியும். அதனால் எழுதும் முன் 'கையில் எவ்வளவு இருக்கிறது?' என்று கேட்டுவிட்டு எழுதுகிறார். காசநோய்க்கு மருந்து ஆறு மாதம் சாப்பிட வேண்டும். இரண்டு மாதத்தில் இருமல் நின்றதும் நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. அவர்களிடம் திட்டியும் கெஞ்சியும் பேசுவதற்கே ஒரு ஆளுக்கு இருபது நிமிஷம் போகிறது. "தாத்தா, டாக்டர் பாதி நேரம் மருந்தைப் பத்திப் பேசவே இல்லை" என்றாள் ஆச்சரியமாக.

அதில் ஒன்றை நானே அறிவேன். ஒவ்வொரு முறையும் டாக்டரம்மா என் செருப்பைக் கழற்றச் சொல்லிக் குனிந்து, விரல் இடுக்கெல்லாம் தடவிப் பார்ப்பார். சர்க்கரைக்காரர்களுக்குக் காலில் உணர்ச்சி குறையும், புண் வந்தால் தெரியாது என்பதால் அந்தச் சோதனை. இவ்வளவு படித்த அம்மாள் என் தூசிக்காலைத் தொடுவது முதலில் எனக்கே கூச்சமாக இருந்தது. டாக்டர் என்றால் ஏ.சி. அறை, பெரிய கார் என்று மட்டும் எண்ணியிருக்கும் பிள்ளை, ஒரு நாளில் முப்பது ஜோடிக் கால்களைப் பார்க்கட்டும். பிறகு ஆசை நிற்கிறதா என்று கேட்கலாம்.

நிற்காமலும் போகலாம். எங்கள் பிளாக்கில் இன்னொரு வீட்டுப் பையனும் இதேபோல ஒரு டாக்டரிடம் போனான். இரண்டாம் நாள் ஒரு புண்ணுக்குக் கட்டுப் பிரித்தபோது தலைசுற்றி உட்கார்ந்துவிட்டான். அது பெரிய விஷயமில்லை. முதல் தடவை மயங்கி விழுந்த எத்தனையோ பேர் பெரிய சர்ஜன்களாகியிருக்கிறார்கள் என்று டாக்டரே தண்ணீர் கொடுத்துச் சொல்லியிருக்கிறார். பையன் மறுபடியும் இரண்டு நாள் போனான். நாலாம் நாள் வீட்டில் அமைதியாகச் சொன்னான்: "ரத்தம் பழகிடும்பா. காலைலேருந்து ராத்திரி வரைக்கும் எல்லாரும் கஷ்டத்தையே சொல்லிட்டிருக்காங்க. எனக்கு அதைக் கேட்டுட்டே இருக்க முடியாது." அப்பாவுக்கு வந்த கோபம் மாடி வரைக்கும் கேட்டது. பயாலஜிதான் எடுக்க வேண்டும் என்று ஒரு மாதம் பேச்சுவார்த்தையே இல்லை. அப்புறம் அம்மா நடுவில் வந்து சமாதானம் செய்து, பையன் கணக்கு எடுத்தான். இப்போது காலேஜில் ஸ்டாடிஸ்டிக்ஸ் படிக்கிறான். அப்பா இன்னும் என்னைக் கண்டால் பாதிதான் சிரிக்கிறார். இந்த யோசனையை அந்த வீட்டுக்கும் சொன்னவன் நான்தானே! ஆனால் அந்தப் பையன் நாலு நாளில் கண்டுபிடித்ததை நாலாவது வருஷத்தில் கண்டுபிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவரே ஒரு நாள் யோசிப்பார்.

பார்த்ததனால் மனம் மாறி இந்த வேலைக்கே வந்தவர்களும் இருக்கிறார்கள். வேலூர் சி.எம்.சி.யை உண்டாக்கிய ஐடா ஸ்கட்டர் அம்மையார் டாக்டர் குடும்பத்தில் பிறந்தும், அந்த வழியே வேண்டாம் என்றுதான் இருந்தார். 1894-ல் திண்டிவனத்தில், உடம்பு சரியில்லாத அம்மாவைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த சமயத்தில், ஒரே இரவில் மூன்று பேர் வந்து, பிரசவ வேதனையில் இருக்கும் தங்கள் மனைவிக்கு உதவி செய்யப் பெண் ஒருவர் வேண்டும் என்று கேட்டார்கள். ஆண் டாக்டரான அப்பாவை அனுமதிக்க அவர்கள் வழக்கம் இடம் தரவில்லை. ஐடாவுக்கு மருத்துவம் தெரியாது. மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகு அவர் அமெரிக்கா திரும்பி, 1899-ல் டாக்டர் பட்டம் வாங்கிக்கொண்டு வேலூருக்கு வந்தது உலகம் அறிந்தது. அந்த மாதிரி இரவு எல்லோருக்கும் வர வேண்டாம். ஆனால் எதற்காகப் படிக்கிறோம் என்று காட்ட, ஒரு முகமாவது பிள்ளையின் மனசில் இருந்தால், ஆர்கானிக் கெமிஸ்ட்ரியை ராத்திரி பதினோரு மணிக்குப் படிக்கும்போது துணைக்கு வரும்.

மருத்துவப் படிப்பை வகுப்பவர்களும் இதை உணர்ந்தே இருக்கிறார்கள். முன்பெல்லாம் முதல் வருஷம் முழுதும் பிணத்தோடும் புத்தகத்தோடும்தான் போகும். 2019-ல் வந்த புதிய எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில், முதல் வருஷத்திலேயே மாணவர்களை நோயாளிகளிடம் அழைத்துப் போக வேண்டும் என்று வைத்தார்கள். இங்கிலாந்தில் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் பிள்ளையிடம், நோயாளிகளோடோ முதியவர்களோடோ பழகிய அனுபவம் உண்டா என்று நேர்முகத்தில் கேட்பது சகஜம். நம் நாட்டில் இதற்கு ஒரு மார்க் கூடக் கிடையாது. கிடையாமல் இருப்பதே நல்லது என்பேன். மார்க் என்று வந்துவிட்டால் மறுநாளே சான்றிதழ் விற்க ஆரம்பித்துவிடுவார்கள். முன்னே சொன்ன தனியார் ஆஸ்பத்திரி ஏற்கெனவே கடை திறந்துவிட்டது.

'பத்து நாள் வீணாகாதா?' என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிவதற்கும் பதினோராம் வகுப்பு தொடங்குவதற்கும் நடுவில் கிடைக்கும் சில நாட்களைத்தான் சொல்கிறேன். அப்போது பிள்ளை செய்வதெல்லாம் மொபைலும் கையுமாக இருப்பதுதான். பெண் குழந்தையை எப்படி அனுப்புவது என்று கேட்பதில் நியாயம் உண்டு. கிளினிக்கில் நர்ஸோ கம்பவுண்டரோ எப்போதும் உடன் இருக்கிறாரா, கதவு எப்படி, நேரம் எப்படி என்று பெற்றோர் முதலில் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். கொண்டு விடுவதும் கூட்டி வருவதும் நாம். அதற்கு மேல் உள்ளே நம் தலை தெரியக் கூடாது. கேட்பதும், நன்றி சொல்வதும், மூன்றாம் நாளே வேண்டாம் என்று தோன்றினால் அதைப் போய்ச் சொல்வதும் பிள்ளையின் வேலை.

இனி நம் சங்கத்துக்கு வருகிறேன். நம் உறுப்பினர்களில் டாக்டர்கள் இருக்கிறார்கள், நர்ஸ்கள் இருக்கிறார்கள், பிசியோதெரபி செய்பவர்களும் ரத்தப் பரிசோதனை நிலையம் வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். பொங்கல் விழாவில் மேடைக்கு அழைத்துச் சால்வை போர்த்துகிறோம். சால்வையோடு ஒரு வேண்டுகோளும் வைக்கலாம்: வருஷத்துக்கு ஒரு பிள்ளை, பத்து நாள். எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்காக நான் இதைக் கேட்கவில்லை. நாங்கள் எப்படியாவது ஒரு டாக்டரம்மாவைப் பிடித்துக்கொள்வோம். 2025 ஜூனில் ஜங்புரா மதராஸி கேம்ப் இடிக்கப்பட்டது. சில குடும்பங்களுக்கு நரேலாவில் வீடு ஒதுக்கினார்கள். நரேலா எவ்வளவு தூரம் என்று தில்லிவாசிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்கள் வாடகைக்கு இடம் தேடிச் சிதறிப் போனார்கள். அந்த வீடுகளின் தாய்மார்கள் பலர் வீட்டு வேலை செய்கிறவர்கள். அந்தப் பிள்ளைகளில் டாக்டராக வேண்டும் என்று சொல்லும் பெண்ணுக்கு, எந்த டாக்டரிடம் போய் நிற்க வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும் என்று சொல்ல யார் இருக்கிறார்கள்? அவள் அம்மா பாத்திரம் தேய்க்கும் வீட்டிலேயே ஒரு டாக்டர் இருக்கலாம். அங்கே போய் அவள் வாய் திறந்து கேட்டுவிடுவாளா? அவள் சார்பில் கேட்கத்தான் சங்கம் என்று ஒன்று வேண்டும். கோச்சிங்குக்கு உதவித்தொகை கொடுப்பது நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு ஆகும் பணத்தில் இதற்கு ஒரு காசும் தேவையில்லை.

இந்த யோசனையைச் செயற்குழு நண்பர்களிடம் சொன்னேன். வழக்கம்போல் ஒருவர் கமிட்டி போடலாம் என்றார், ஒருவர் தொடக்க விழாவுக்கு யாரைக் கூப்பிடலாம் என்றார். இரண்டும் வேண்டாம், நூலக மேஜையில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்தால் போதும் என்று சொல்லி, அப்படியே முடிவாயிற்று. முதல் பக்கத்தில் இப்போது இரண்டு டாக்டர்கள், ஒரு நர்ஸ் பேர் இருக்கிறது. இன்னும் நாலைந்து பேர் சேர்ந்தால் பரீட்சை முடிவதற்குள் தொடங்கிவிடலாம். நரேலாவிலிருந்து வரும் பிள்ளைகளுக்குப் பஸ் செலவை யார் ஏற்பது என்பது மட்டும் பாக்கி. அதற்கு ஓர் அன்பர் முன்வந்தால் நல்லது. ஞாயிற்றுக்கிழமை நூலகம் திறந்திருக்கும் நேரத்தில் பிள்ளைகள் வந்து கடிதத்தைக் கொடுக்கலாம். தமிழில் எழுதலாம், ஹிந்தியில் எழுதலாம், இங்கிலீஷிலும் எழுதலாம். படிவம் எதுவும் கிடையாது. பேர் கொடுத்திருக்கும் டாக்டர்களில் ஒருவர் மட்டும் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்: அப்பா எழுதிப் பிள்ளை கையெழுத்துப் போட்ட கடிதம் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவாராம்.